வில்லையும் புள்ளியும்: ஒளியின் எல்லையை மனிதன் அறிந்த வரலாறு

"குவி வில்லை இணைகதிர்களை ஒரு புள்ளியில் குவிக்கும்." இவ்வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதாத விஞ்ஞான ஆசிரியர் நம்மில் எவரும் இரார். பயிற்சிக் கல்லூரியில் நமக்கு அவ்வாறே கற்பிக்கப்பட்டது. நாமும் அவ்வாறே கற்பித்து வருகிறோம். அளவுகோல் வைத்து மூன்று கோடுகள் இழுத்து, அவை கூடுமிடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளி வைத்து, அதன் பக்கத்தில் 'குவியம்' என்று எழுதிவிட்டால் பாடம் முடிந்தது. அந்தப் புள்ளி எவ்வளவு பெரிது என்று நாம் கேட்டதில்லை. மாணவரும் பெரும்பாலும் கேட்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான். நான் அவனுக்குத் தவறான விடை கூறினேன். அத்தவற்றைத் திருத்திக்கொள்ளும் பொருட்டு நான் படித்ததன் பயனே இக்கட்டுரை.

நடந்தது இதுதான். திரையில் எழுத்துகளைச் சுட்டிக் காட்டுவதற்காக என்னிடம் சிவப்பு லேசர் சுட்டுகோல் ஒன்று இருந்தது. ஒருநாள் வகுப்பு முடிந்தபின், என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அச்சுட்டுகோலின் முன் பிடித்து, சுவரில் ஒட்டிய வெள்ளைத் தாளில் கதிரைக் குவித்துக் காட்டினேன். அது படிப்பதற்கு நான் அணியும் கண்ணாடி. அதன் திறன் கூட்டல் இரண்டு. ஆகவே குவியத் தொலைவு 50 சென்டிமீட்டர். தாளில் ஊசி முனைபோல் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது.

"இதைவிடச் சின்னப் புள்ளி வருமா, ஐயா?" என்றான் அவன்.

"செய்து பார், தம்பி" என்றேன்.

அவன் அலுமினியத் தாள் ஒன்றில் ஊசி நுனியால் மெல்லக் குத்தி, மிகச் சிறிய துளை செய்து, அதைக் கதிரின் குறுக்கே வைத்தான். மெல்லிய கதிர் உள்ளே சென்றால் மெல்லிய புள்ளி விழும் என்பது அவன் எண்ணம். எவருக்கும் தோன்றக்கூடிய எண்ணமே அது. ஆனால் புள்ளி சிறுக்கவில்லை, பெருத்தது. அதைச் சுற்றி மங்கிய வளையங்களும் தோன்றின. "துளை ஒழுங்காக இல்லை" என்றேன். இன்னும் சிறியதாக வேறொரு துளை செய்தான். புள்ளி இன்னும் பெருத்தது. "தாள் கசங்கியிருக்கிறது" என்றேன். அவன் மறுமொழி கூறாமல் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. அன்று கூடத்தைக் கோணல் என்றவன் நான்.

அச்சிறுவன் கண்டது, ஐரோப்பிய அறிஞர் பலர் பல தலைமுறைகளாகக் கண்டு மயங்கிய ஓர் உண்மை. வில்லை ஒளியைப் புள்ளியில் குவிப்பதில்லை. ஒரு சிறு வட்டத்தில்தான் குவிக்கிறது. அவ்வட்டம் எவ்வளவு சிறிதாகலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. கதிரை ஒடுக்கினால் வட்டம் விரியும். கதிரை விரித்தால் வட்டம் ஒடுங்கும். இது கண்ணாடியின் குறையன்று, கைவினைஞனின் பிழையுமன்று, ஒளியின் இயல்பே அது. இதனை மனிதன் எப்படி அறிந்தான் என்பதை இனிக் காண்போம்.

நிழலின் ஓரத்தில் தொடங்கிய கதை

இத்தாலி நாட்டின் பொலோஞா நகரில் பிரான்செஸ்கோ கிரிமால்டி என்னும் பாதிரியார் ஒருவர் வாழ்ந்தார். அவர் இருண்ட அறையின் சன்னலில் மிகச் சிறிய துளை செய்து, அதன் வழியே வந்த வெயிற்கதிரில் மெல்லிய கோல் ஒன்றைப் பிடித்து, அதன் நிழலை அளந்தார். ஒளி நேர்கோட்டில்தான் செல்கிறதென்றால் நிழல் இவ்வளவு அகலம் இருக்கவேண்டும் என்று கணக்கிடலாம் அல்லவா? நிழல் அக்கணக்கை மீறியிருந்தது. நிழலின் ஓரங்களில் வண்ணப் பட்டைகளும் காணப்பட்டன. நேர்கோட்டில் செல்லுதல், தெறித்தல், விலகுதல் என்னும் மூன்றையும் தவிர ஒளிக்கு நான்காவது இயல்பு ஒன்றும் உண்டு என்று அவர் எழுதினார். 1663இல் அவர் காலமானார். நூல் 1665இல் வெளிவந்தது. அவர் அந்நான்காம் இயல்புக்கு இலத்தீனில் இட்ட பெயரே இன்றும் மேனாட்டு மொழிகளில் வழங்குகிறது. தமிழில் நாம் அதனை 'விளிம்பு விளைவு' என்கிறோம்.

கிரிமால்டியின் நூலுக்குப் பின் ஒளியைப் பற்றி இரு கொள்கைகள் எழுந்தன. ஒல்லாந்து நாட்டு ஹைகன்ஸ் 1690இல் வெளியிட்ட நூலில் ஒளி அலைபோலப் பரவுகிறது என்றார். ஆங்கில நாட்டு நியூட்டன் 1704இல் வெளியிட்ட 'ஒளியியல்' என்னும் நூலில் ஒளியைத் துகள்களின் ஓட்டமாகவே கருதினார். மயிரிழையின் நிழலையும் கத்தி முனையின் நிழலையும் அவரும் அளந்தார். ஓரத்துப் பட்டைகளைக் கண்டார். பொருளின் விளிம்பு துகள்களை வளைக்கிறது போலும் என்று எண்ணினார். நியூட்டனின் பெயருக்கு இருந்த செல்வாக்கினால் அடுத்த நூறாண்டுக் காலம் துகள் கொள்கையே மேலோங்கியிருந்தது.

அக்கொள்கையை அசைத்தவர் தாமஸ் யங் என்னும் மருத்துவர். எகிப்தின் பழைய எழுத்துகளைப் படித்தறிய முயன்றவருள் ஒருவராகவும் இவரை நம் வாசகர் அறிந்திருக்கலாம். 1803இல் இவர் வெயிற்கதிர் ஒன்றின் நடுவே, ஓர் அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள அட்டைத் துண்டைப் பிடித்தார். நிழலின் உள்ளேயே வெளிச்சமும் இருளுமாக வரிகள் தெரிந்தன. அட்டையின் ஒரு பக்கத்து ஒளியை மட்டும் மறைத்தார். மறுபக்கத்து ஒளி முன்போலவே வந்தும், உள்வரிகள் அனைத்தும் மறைந்துவிட்டன. ஆகவே இரு பக்கத்து ஒளியும் கலப்பதால்தான் அவ்வரிகள் உண்டாகின்றன. ஒளியோடு ஒளி சேர்ந்து இருளும் உண்டாகலாம். அலைகளுக்கன்றித் துகள்களுக்கு இது எப்படி இயலும்? இக்கருத்துகளுக்காக எடின்பரோ நகரத்துக் காலாண்டிதழ் ஒன்றன் மதிப்புரைகளில் யங் கடுமையாகத் தாக்கப்பட்டார்.

தேன் துளி வில்லை

அடுத்து வந்தவர் பிரெஞ்சு நாட்டுச் சாலைப் பொறியாளர் அகுஸ்தேன் பிரெனல். 1815இல் நெப்போலியன் தீவுச் சிறையிலிருந்து மீண்டு வந்தபோது பிரெனல் அவரை எதிர்த்து நின்றார். அதனால் வேலையிழந்து, தாயார் வாழ்ந்த சிற்றூரில் தங்க நேர்ந்தது. அங்கே ஆய்வுக் கருவி ஏது? ஊர்ப் பூட்டுக் கொல்லரைக் கொண்டு சட்டங்கள் செய்வித்தார். குறுகிய குவியத் தொலைவுடைய வில்லை தேவைப்பட்டபோது, செப்புத் தகட்டில் சிறு துளையிட்டு, அதில் ஒரு துளித் தேனை வைத்து வில்லையாக்கிக்கொண்டார். கருவியில்லை என்று வருந்தும் நம் பள்ளிகளின் ஆசிரியர்கள் இத்தேன் துளியை நினைவில் வைத்தல் நன்று.

பாரிஸ் விஞ்ஞானக் கழகம் விளிம்பு விளைவைப் பற்றிப் பரிசுப் போட்டி ஒன்றை அறிவித்தது. 1818இல் பிரெனல் தம் கட்டுரையை அனுப்பினார். நடுவர் ஐவருள் புவாசோன் துகள் கொள்கையினர், பெருங்கணித வல்லுநர். அவர் பிரெனலின் கணக்கைத் தொடர்ந்து சென்று, "இது மெய்யானால் வட்டமான தகட்டின் நிழல் நடுவே ஒரு வெளிச்சப் புள்ளி தோன்றவேண்டுமே" என்று காட்டினார். நிழலின் நடுவில் வெளிச்சமா! கொள்கை பொய் என்பதற்கு இதுவே சான்று என்பது அவர் கருத்து. மற்றொரு நடுவரான அராகோ 2 மில்லிமீட்டர் அகலமுள்ள தகட்டைக் கொண்டு செய்தே பார்த்தார். நிழலின் நடுவில் வெளிச்சப் புள்ளி இருந்தது. 1819இல் பரிசு பிரெனலுக்குக் கிடைத்தது. மறுக்கக் கொணர்ந்த சான்றே நிலைநாட்டும் சான்றாயிற்று.

இப்போது என் மாணவனின் புள்ளிக்கு வருவோம். கதிரின் முகப்பில் உள்ள ஒவ்வோர் இடமும் சிற்றலைகளை அனுப்புகிறது என்று கொள்க. குவியத்தின் நடுவிடத்துக்கு அவை எல்லாம் ஒரே ஒழுங்கில் வந்து சேர்கின்றன. ஆகவே அங்கே வெளிச்சம் மிகும். நடுவிலிருந்து சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்தால், கதிரின் ஓர் ஓரத்திலிருந்து வரும் அலைக்கும் மற்றோர் ஓரத்திலிருந்து வரும் அலைக்கும் நடை தூரத்தில் வேறுபாடு உண்டாகிறது. இவ்வேறுபாடு ஏறத்தாழ ஓர் அலைநீளம் ஆகும்போது அலைகள் ஒன்றையொன்று அழித்து இருள் பிறக்கிறது. அந்த இருளே புள்ளியின் எல்லை. கதிர் அகலமாயிருந்தால் சிறிதளவு நகர்ந்ததுமே இவ்வேறுபாடு வந்துவிடும். எனவே புள்ளி சிறிது. கதிர் ஒடுக்கமானால் வெகுதூரம் நகர்ந்தாலன்றி வேறுபாடு வாராது; எனவே புள்ளி பெரிது.

இதனை எண்ணால் காண்போம். சிவப்பு லேசரின் அலைநீளம் 0.00065 மில்லிமீட்டர், கண்ணாடியின் குவியத் தொலைவு 500 மில்லிமீட்டர், கதிரின் அகலம் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அலைநீளத்தைக் குவியத் தொலைவால் பெருக்கி, கதிரின் அகலத்தால் வகுத்தால் 0.11 மில்லிமீட்டர் வரும். வட்டத் துளைக்கு உரிய 2.44 என்னும் எண்ணால் இதனைப் பெருக்கினால் புள்ளியின் விட்டம் கிடைக்கும். அது ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். மாணவன் செய்த துளை 0.3 மில்லிமீட்டர் என்றால், கதிரின் அகலம் பத்தில் ஒரு பங்காகிறது. புள்ளியோ பத்து மடங்காகி இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டிவிடுகிறது. அவன் கை தவறவில்லை, கணக்கு அப்படி.

விண்மீனின் பொய் வட்டம்

இதே மயக்கம் வானியலாரிடமும் இருந்தது. விண்மீன்கள் நமக்கு வெகு தொலைவில் உள்ளவை; எந்தத் தொலைநோக்கியிலும் புள்ளியாகத் தோன்றவேண்டியவை. ஆனால் நல்ல தொலைநோக்கியில் அவை சிறு வட்டங்களாகத் தெரிந்தன. அவ்வட்டம் மீனின் உண்மை உருவமா, கருவியின் மாயமா என்று ஆராய்ந்தவருள் வில்லியம் ஹெர்ஷல் ஒருவர். அவர் 1805இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு செய்தி உண்டு. தொலைநோக்கிக் கண்ணாடியின் நடுப்பகுதியை மட்டும் திறந்து வைத்தால் பொய் வட்டம் பெரிதாகிறது என்பது அச்செய்தி. என் மாணவன் அலுமினியத் தாளில் கண்டதை ஹெர்ஷல் விண்மீனில் கண்டிருந்தார்.

இதற்குக் கணக்கு எழுதியவர் ஜார்ஜ் ஏரி. 1835இல் கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தின் ஏட்டில் வெளிவந்த அவர் கட்டுரை, வட்டத் திறப்புள்ள வில்லை ஒன்று விண்மீனின் ஒளியை எப்படிப் பரப்புகிறது என்பதைத் தெளிவாகக் காட்டிற்று. நடுவில் ஒளிமிக்க வட்டம். அதைச் சுற்றி இருள் வளையம். அதற்கப்பால் மங்கிய ஒளி வளையங்கள். மேலே கூறிய 2.44 என்னும் எண் இக்கணக்கின் வழி வந்ததே. பிற்காலத்தார் கணக்கிட்டபடி மொத்த ஒளியில் ஏறத்தாழ 84 விழுக்காடு நடுவட்டத்துள் அடங்குகிறது. இன்றும் அது 'ஏரி வட்டம்' என்றே வழங்குகிறது. பெரிய தொலைநோக்கி செய்வது ஒளியை மிகுதியாகத் திரட்டுவதற்கு மட்டுமன்று. வட்டத்தைச் சிறிதாக்கி, நெருங்கிய இரு மீன்களைப் பிரித்துக் காண்பதற்கும் ஆகும் என்பது இதனால் விளங்கிற்று. ஒரு மீனின் வட்டத்து மையம் மற்றதன் முதல் இருள் வளையத்தில் விழும் அளவுக்கு இடைவெளி இருந்தால் அவ்விரண்டையும் பிரித்தறியலாம் என்று 1879இல் ராலே பிரபு விதி வகுத்தார்.

யேனா நகரத்துப் பட்டறை

இவ்வரலாற்றில் என் உள்ளத்தை மிகவும் தொட்டவர் எர்ன்ஸ்ட் ஆபே. 1840இல் ஜெர்மனியின் ஐசனாக் நகரில் பிறந்தவர். தந்தை நூற்பாலைத் தொழிலாளி. நாளொன்றுக்கு 14 மணி நேரம் முதல் 16 மணி நேரம் வரை நின்றபடியே வேலை செய்தவர். வறுமையிலும் படித்து முன்னேறிய ஆபே யேனா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அந்நகரில் கார்ல் சைஸ் என்பவர் நுண்ணோக்கிப் பட்டறை ஒன்று நடத்தி வந்தார். அக்காலத்தில் நுண்ணோக்கி வில்லைகளைக் கணக்குப் போட்டுச் செய்வதில்லை. தேய்த்துப் பார்த்து, மாற்றிப் பார்த்து, கைப்பழக்கத்தால் செய்வார்கள். கணக்கால் செய்ய வழி காணவேண்டுமென்று 1866இல் சைஸ் ஆபேயைத் துணைக்கு அழைத்தார்.

ஆபே முதலில் என்ன செய்தார்? வில்லையின் பிழைகள் பெரும்பாலும் ஓரத்துக் கதிர்களால் வருபவை. ஆகவே ஒளிக்கூம்பை ஒடுக்கினால் பிழை குறையும், உருவம் தெளியும் என்று எண்ணினார். அவ்வாறே கணக்கிட்டு வில்லைகள் செய்யப்பட்டன. பிழைகள் குறைந்தன; ஆனால் நுண்ணிய கோடுகள் மறைந்து போயின! கைப்பழக்கத்தால் செய்த பழைய வில்லைகளே அவற்றை நன்றாகக் காட்டின. என் பள்ளியின் சிறுவன் அலுமினியத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அதே இடத்தில் ஆபே பேராசிரியரும் நின்றார். ஒரு வேற்றுமை மட்டும் உண்டு: அவர் கருவியைக் குறை கூறவில்லை, தம் எண்ணத்தை ஐயுற்றார்.

அவர் நுண்ணிய கோடுகள் கீறிய தகடுகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஆராய்ந்தார். கோடுகளின் இடைவெளி சிறுக்கச் சிறுக்க, அவற்றால் சிதறும் ஒளி அகன்ற கோணத்தில் விரிகிறது. விரிந்த அவ்வொளி வில்லைக்குள் புகாமற் போனால் கோடுகள் தெரிவதில்லை. ஆகவே தேவையானது அகன்ற கூம்பே. 1873இல் அவர் தம் முடிவை வெளியிட்டார்: நுண்ணோக்கியால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஏறத்தாழ ஒளியின் அலைநீளத்தில் பாதி. எவ்வளவு நல்ல கண்ணாடி செய்தாலும் இதற்குக் கீழ்ச் செல்ல இயலாது. பச்சை ஒளியில், எண்ணெயில் தோய்த்த சிறந்த வில்லையைக் கொண்டு பார்த்தால் அது மில்லிமீட்டரில் ஏறத்தாழ 5,000இல் ஒரு பங்கு ஆகும்.

எல்லை தெரிந்தபின் அதைத் தொடும் வழியும் தெரிந்தது. யேனாவில் செய்த வில்லைகள் உலகெங்கும் சென்றன. 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தது சைஸ் நிறுவனத்து எண்ணெய்த் தோய்வு வில்லையைக் கொண்டே. பெரும்பாலான வைரசுகள் இவ்வெல்லைக்குக் கீழ்ப்பட்டவை. அவற்றைக் காண 1930களில் மின்னணு நுண்ணோக்கி பிறக்கவேண்டியதாயிற்று.

சைஸ் 1888இல் இறந்தபின், ஆபே அடுத்த ஆண்டே ஓர் அறநிலையத்தை ஏற்படுத்தித் தொழிற்சாலையை அதற்கு உரியதாக்கினார். 1900இல் அங்கே நாளுக்கு 8 மணி நேர வேலை முறையைக் கொண்டுவந்தார். பதினாறு மணி நேரம் நின்ற தந்தையின் மகன் அன்றோ! விடியுமுன் பால்மரக் காட்டுக்குச் சென்றவர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நம் போன்றோர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. யேனாவில் உள்ள அவர் நினைவுக் கல்லில் அவர் கண்ட சூத்திரம் பொறிக்கப்பட்டிருக்கிறது.

இத்துறையில் தமிழகத்து இளைஞர் ஒருவருக்கும் பங்குண்டு. திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, நீள்சதுரத் திறப்பின்மேல் ஒளி சாய்வாக விழுவதால் உண்டாகும் சமச்சீரற்ற விளிம்பு வரிகளை ஆராய்ந்தார். அக்கட்டுரை 1906 நவம்பரில் இலண்டன் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. அதுவே அவருடைய முதற் கட்டுரை; அப்போது அவருக்கு வயது 18.

லேசர் வந்த பின்

இங்கே ஒரு கேள்வி எழலாம். வெயிலைப் பூதக்கண்ணாடியால் குவித்துத் தாளைப் பொசுக்காத சிறுவர் உண்டோ? அதில் இந்த எல்லை ஏன் தெரிவதில்லை? காரணம் எளிது. சூரியன் விண்மீன்போல் நம் கண்ணுக்குப் புள்ளியன்று. அது வானில் அரைப் பாகைக்குச் சற்று மிகுந்த அகலமுடைய வட்டம். அதனை என் மூக்குக்கண்ணாடியால் குவித்தால் விழுவது ஏறத்தாழ நாலரை மில்லிமீட்டர் அகலமுள்ள சூரியனின் உருவம். விளிம்பு விளைவின் சிறு வட்டம் அதனுள் மறைந்துவிடுகிறது. லேசரில் கதிரின் அகலம் முழுவதும் அலைகள் ஒரே ஒழுங்கில் செல்கின்றன. தொலைவிலுள்ள ஒற்றை மீனிலிருந்து வருவது போன்ற ஒளி அது. ஆகவே அங்கே எல்லை வெளிப்படையாகத் தெரிகிறது.

லேசருக்கு அடிப்படையான கொள்கையை 1917இல் ஐன்ஸ்டைன் கூறினார். முதல் லேசரை 1960ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் அமெரிக்காவின் மாலிபு நகரில் தியடோர் மைமான் மாணிக்கக் கல்லைக் கொண்டு ஒளிரச் செய்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே பெல் ஆய்வுக்கூடத்தில் ஜவான், பென்னட், ஹெரியட் ஆகிய மூவரும் ஹீலியம், நியான் வாயுக்களைக் கொண்டு இடையறாத லேசரை உண்டாக்கினர். நல்ல லேசர்க் கதிர் நடுவில் ஒளி மிக்கும், ஓரங்களில் படிப்படியாக மங்கியும் இருக்கும். அதனால் குவியத்தில் வளையங்கள் தோன்றுவதில்லை. மாணவனின் துளை ஓரத்தைத் திடீரென வெட்டிவிட்டதால்தான் வளையங்கள் பிறந்தன. ஓரம் மங்கிய கதிருக்கு எல்லையை அளக்கும் முறை சற்று வேறு, 2.44க்கு மாறாக 1.27 என்னும் எண் வழங்கும். ஆயினும் அலைநீளம், குவியத் தொலைவு, கதிரின் அகலம் என்னும் மூன்றின் உறவு மாறுவதில்லை.

இவ்வுறவு நம் வீட்டுக்குள்ளும் வந்தது. 1982இல் விற்பனைக்கு வந்த இசைத்தட்டில் தகவலைப் படிக்கும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர், அதாவது 0.00078 மில்லிமீட்டர். அதன் வரிகளுக்கிடையே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி. ஒரு மைக்ரோமீட்டர் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1996இல் வந்த டிவிடி தட்டில் அலைநீளம் 650 நானோமீட்டர், இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர். 2006இல் வந்த ப்ளூ-ரே தட்டில் நீல ஊதா லேசர், 405 நானோமீட்டர், இடைவெளி 0.32 மைக்ரோமீட்டர். கூம்பின் அகலத்தைக் குறிக்க ஆபே வகுத்த எண்ணும் 0.45, 0.6, 0.85 என உயர்ந்தது. ஒரே அளவுத் தட்டு, கொள்ளளவோ 0.7 கிகாபைட்டிலிருந்து 4.7 ஆகி, பின் 25 ஆயிற்று. அலைநீளத்தைக் குறை, கூம்பை அகலமாக்கு என்னும் 1873ஆம் ஆண்டுப் பாடத்தையே தொழிற்சாலைகள் பின்பற்றின. இன்று இத்தட்டுகளின் புழக்கம் குறைந்துவிட்டது, பாடம் குறையவில்லை.

வானுக்கும் இதே விதி. என் சுட்டுகோலின் 3 மில்லிமீட்டர்க் கதிரைச் சந்திரனை நோக்கி அனுப்பினால், காற்றின் தொல்லையே இல்லையென்றாலும், அங்குச் சேரும்போது ஏறத்தாழ 200 கிலோமீட்டர் அகலமாகிவிடும். 1969 ஜூலையில் அப்பல்லோ 11 வீரர்கள் சந்திரனில் வைத்து வந்த எதிரொளிப்புக் கருவியைக் குறிவைத்து, கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தார் லேசர் அனுப்பினர். அவர்கள் கதிரை 3 மீட்டர்த் தொலைநோக்கியின் வழியே விரித்தே அனுப்பினார்கள். ஆகஸ்டு 1ஆம் நாள் ஒளி திரும்பி வந்தது. தொலைவில் ஒடுங்கிச் சேரவேண்டுமானால் இங்கே விரிந்து புறப்படவேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் இதில் உண்டு. நம் கண்ணிலும் ஒரு வில்லை இருக்கிறது. கண்மணி விரிந்த நிலையில் லேசர் நுழைந்தால், விழித்திரையில் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவு வட்டத்தில் அது குவியக்கூடும்; ஒளியின் செறிவு ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்காகும். சுட்டுகோலைச் சிறுவர் கையில் விளையாட்டுப் பொருளாகக் கொடுத்தல் கூடாது; ஆசிரியரே பிடித்துச் சுவரை நோக்கி மட்டும் காட்டவேண்டும்.

எல்லையைச் சுற்றிச் சென்றவர்கள்

எல்லை என்றால் அதற்கப்பால் ஒன்றுமில்லையா? நூறாண்டுக்கு மேலாக அப்படித்தான் எண்ணினர். 1994இல் ருமேனியாவில் பிறந்த ஸ்டெபான் ஹெல் ஒரு வழி கூறினார். ஒளிரும் சாயமேற்றிய பொருளின்மேல் ஒரு லேசரைக் குவித்தால் ஏரி வட்டத்தளவு இடம் ஒளிரும். உடனே நடுவில் ஓட்டையுள்ள வடை போன்ற மற்றொரு லேசர் வட்டத்தை அதன்மேல் செலுத்தி, ஓரத்து ஒளிர்வை அணைத்துவிட்டால், நடுவில் எல்லையினும் சிறிய இடம் மட்டுமே ஒளிரும். இவ்வழிக்காக அவரும், ஒற்றை மூலக்கூறுகளை ஒளிரச் செய்து காணும் வழிக்காக எரிக் பெட்சிக், வில்லியம் மேர்னர் ஆகியோரும் 2014இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். இவர்கள் ஆபேயின் விதியைப் பொய்யாக்கவில்லை. குவிந்த ஒளியின் வட்டம் அன்றும் இன்றும் அதே அளவுதான். எல்லை எங்கே, எதனால் என்பதைத் தெளிவாக அறிந்திருந்தமையால் அதனைச் சுற்றிச் செல்ல அவர்களுக்கு வழி புலப்பட்டது.

வகுப்பறைக்குத் திரும்புவோம்

ஆறாம் ஆண்டுச் சிறுவருக்கு ஏரியின் கணக்கைக் கற்பிக்கவேண்டும் என்று நான் கூறவில்லை. கோடு வரைந்து குவியத்தைக் காட்டும் முறை வசதியானது. கண்ணாடியின் பெரும்பாலான செயல்களை அதனால் விளக்கலாம். அம்முறையை விட்டுவிட வேண்டியதில்லை. ஆயினும் 'ஒரு புள்ளியில் குவிக்கும்' என்பதை 'புள்ளி போன்ற மிகச் சிறிய வட்டத்தில் குவிக்கும்' என்று மாற்றி எழுதினால் நமக்கு என்ன நட்டம்? அந்த இரண்டொரு சொற்கள், கேள்வி கேட்கும் பிள்ளைக்கு ஒரு கதவைத் திறந்து வைக்கும். பிள்ளை கண்டது பாடநூலோடு பொருந்தாதபோது, பிள்ளையின் கை தவறியது என்று விரைந்து தீர்ப்புக் கூறும் வழக்கத்தையும் நாம் விடவேண்டும். கை தவறியிருக்கலாம், இன்னொரு முறை செய்து பார்க்கச் சொல்லலாம். மும்முறை செய்தும் அதுவே வருமானால், நாம்தான் படிக்கவேண்டும்.

நான் இவற்றைப் படித்து முடிப்பதற்குள் அவன் இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்டான். சென்ற ஆடித் திருவிழாவில் தோட்டத்து மாரியம்மன் கோவில் வாசலில் அவனைக் கண்டேன். என்னைவிட உயரமாக வளர்ந்திருந்தான். "தம்பி, அன்றைக்கு நீ செய்த துளை சரியாகத்தான் இருந்தது. நான் சொன்னதுதான் தவறு" என்று கூறி, ஆபேயின் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால், ஐயா, கதிரை முதலில் பெரிசாக்கிவிட்டு அப்புறம் கண்ணாடியில் விட்டால் புள்ளி சின்னதாகுமா?" என்று கேட்டான்.

ஆகும் என்றேன். அடுத்த சனிக்கிழமை இரண்டு வில்லைகளோடு பள்ளிக்கு வரச் சொன்னேன்; வந்தான். இம்முறை அளவுகோலை நான் பிடித்துக்கொண்டேன். விடையை அவன் சொன்னான்.